குளோட் மோனே

ஆஸ்கார் குளோட் மோனே (நவம்பர் 14, 1840 – டிசம்பர் 5, 1926) பிரான்சு நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற ஓவியர் ஆவார். உணர்வுப்பதிவுவாதம் என அழைக்கப்படும் ஓவிய இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். தமது 86 ஆண்டு வாழ்க்கையில் பிற்பாதியை, அதாவது 1883 ஆம் ஆண்டிலிருந்து இறக்கும் வரையான 43 ஆண்டுகளை, நார்மண்டிப் பகுதியிலுள்ள ஜிவெர்னி என்னும் சிற்றூரில் கழித்தார். அங்கே இவர் அமைத்த மலர்த்தோட்டமும் அல்லிக் குளமும் இவருடைய பிற்கால ஓவியங்களுக்குப் பொருளாயின. ஓவியக்கூடத்துக்கும் தோட்டத்துக்கும் தமது நேரத்தையும் பணத்தையும் உழைப்பையும் பகிர்ந்தளித்து, இரண்டையும் ஒன்றுக்கொன்று துணையாக்கிக் கொண்ட கலைஞர்களுக்கு இவரது வாழ்க்கை சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பிறப்பும் இளமையும்

மோனே பாரிசு நகரில் பிறந்தார். பெற்றோருக்கு இவர் இரண்டாவது மகன். இவருக்கு ஏறத்தாழ ஐந்து வயதானபோது குடும்பம் லெ ஆவ்ரு என்னும் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அங்கே வணிகத்தில் ஈடுபட்டிருந்தார். மகனும் அதே தொழிலுக்கு வரவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மோனேயோ பள்ளி நாட்களிலேயே ஊரிலுள்ளவர்களைக் கேலிச்சித்திரங்களாக வரைந்து விற்று, சிறிது பணமும் பெயரும் ஈட்டினார்.

அந்நகரில் வாழ்ந்த எழேன் பூதேன் என்னும் ஓவியர் இவரைத் தம்முடன் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, திறந்தவெளியில் இயற்கையை நேரில் பார்த்து வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்தார். ஓவியங்கள் கூடத்துக்குள்ளேயே உருவாக வேண்டும் என்ற எண்ணம் நிலவிய காலம் அது. பூதேனிடம் பெற்ற இப்பயிற்சியே இவரது வாழ்க்கைப் போக்கைத் தீர்மானித்தது எனலாம். 1857 இல் இவரது தாயார் காலமானார். அதன் பின்னர் ஓவியத்தில் ஈடுபாடு கொண்டிருந்த அத்தை ஒருவர் இவருக்கு ஆதரவாக இருந்தார்.

1859 இல் பாரிசுக்குச் சென்ற மோனே, அங்கு கமீல் பிசாரோவுடன் பழகினார். 1861 இல் படைச் சேவைக்காக அல்சீரியாவுக்கு அனுப்பப்பட்டார். நோய்வாய்ப்பட்டு 1862 இல் திரும்பிய இவரை, அத்தை பணம் செலுத்திப் படைச் சேவையிலிருந்து விடுவித்தார். பின்னர் பாரிசில் சார்ல் கிளேயரின் ஓவியக்கூடத்தில் சேர்ந்தார். ஒகுசுத்து ரெனுவார், ஆல்பிரட் சிசுலி, பிரெடெரிக் பசீல் ஆகியோர் அங்கே இவருக்கு நண்பர்களாயினர்.

தோட்டத்தில் பெண்கள்

1866 ஆம் ஆண்டில் பாரிசுக்கு அருகே தாம் தங்கியிருந்த வீட்டின் தோட்டத்தில், "தோட்டத்தில் பெண்கள்" என்ற ஓவியத்தை மோனே தொடங்கினார். இது இரண்டரை மீட்டருக்கும் கூடுதலான உயரமுள்ள பெரிய ஓவியம் ஆகும். இத்தகைய அளவிலான ஓவியங்களைப் பிறர் சிறிய முன்வரைவுகளைக் கொண்டு கூடத்துக்குள் வரைந்தனர். மோனே அவ்வாறு செய்ய விரும்பவில்லை. கித்தானின் மேற்பகுதியைத் தீட்டுவதற்காகத் தோட்டத்தில் ஒரு பள்ளம் வெட்டி, கப்பி ஒன்றின் உதவியுடன் கித்தானை அதற்குள் இறக்கியும் ஏற்றியும் வேலை செய்தார்.

ஆண்டுதோறும் பாரிசில் நடைபெற்ற அரசு ஆதரவு பெற்ற கண்காட்சியான சலோன், 1867 இல் இவ்வோவியத்தை ஏற்க மறுத்துவிட்டது. வறுமையில் இருந்த நண்பருக்கு உதவும் பொருட்டு, பசீல் இதனை 2,500 பிராங்குக்கு வாங்கி, அத்தொகையை மாதத் தவணைகளாகச் செலுத்தினார். இதே ஓவியத்தைப் பிரெஞ்சு அரசு 1921 இல் 200,000 பிராங்கு கொடுத்து வாங்கியது. இப்போது இது பாரிசிலுள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.

வாடகை வீடுகளும் தோட்டங்களும்

மோனே 1870 இல் கமீல் தொன்சியோ என்பவரை மணந்தார். இவர்களது மூத்த மகன் சான் 1867 இலேயே பிறந்திருந்தான். பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் இடையே போர் மூண்டபோது மோனே இலண்டனுக்குச் சென்றார். அங்கே கலைப்பொருள் வணிகரான போல் துராண்-ருயேலைச் சந்தித்தார். அவர் பிற்காலத்தில் இவரது ஓவியங்களைத் தொடர்ந்து வாங்கி ஆதரித்தார். பசீல் அப்போரில் உயிரிழந்தார்.

1871 இன் இறுதியில் மோனே குடும்பம் சேன் ஆற்றங்கரையிலுள்ள ஆர்ஜான்தேய் என்ற ஊரில் குடியேறியது. அங்கு வாடகைக்கு எடுத்த வீட்டில் இவர் மலர்ச்செடிகளை வளர்த்தார். 1873 இல் ரெனுவார், மோனே தமது தோட்டத்தில் நின்று ஓவியம் தீட்டும் காட்சியை வரைந்தார். 1874 இல் எதுவார் மனே, மோனேயின் குடும்பம் தோட்டத்தில் இருப்பதை ஓவியமாக்கினார். இதே காலத்தில் மோனே ஒரு படகில் சிறு அறை அமைத்து, அதனையே மிதக்கும் ஓவியக்கூடமாகப் பயன்படுத்தினார்.

சலோன் கண்காட்சியை நம்பியிராமல் ஓவியர்கள் தாமாகவே நடத்திய கண்காட்சி 1874 ஏப்ரலில் பாரிசில் தொடங்கியது. அதில் லெ ஆவ்ரு துறைமுகத்தைக் காட்டும் மோனேயின் "உணர்வுப்பதிவு, சூரிய உதயம்" இடம்பெற்றது. லூயி லெருவா என்னும் இதழாளர் அத்தலைப்பைக் கொண்டு கண்காட்சியைக் கேலி செய்து எழுதினார். அக்கேலியிலிருந்தே இயக்கத்துக்கான பெயர் பிறந்தது.

1878 இல் இவர்கள் வெத்தேய் என்ற ஊருக்கு மாறினர். முன்பு மோனேயின் ஓவியங்களை வாங்கிவந்து பின்னர் நொடித்துப்போன எர்னெசுட் ஓசெதே, அவர் மனைவி அலிசு, அவர்களின் ஆறு பிள்ளைகள் ஆகியோரும் அதே வீட்டில் வாழ்ந்தனர். அவ்வாண்டில் மோனேயின் இளைய மகன் மிசேல் பிறந்தான். நீண்ட நாள் நோயுற்றிருந்த கமீல் 1879 செப்டெம்பரில் தமது 32 ஆவது வயதில் இறந்தார். மரணப் படுக்கையில் கிடந்த மனைவியின் முகத்தை மோனே ஓவியமாகத் தீட்டினார்.

கடனும் துயரும் மிகுந்த இக்காலத்திலும் வீட்டுக்கு முன்னிருந்த சரிவில் தோட்டம் இருந்தது. உயர்ந்த சூரியகாந்திச் செடிகளுக்கு இடையே படிக்கட்டு இறங்கிவரும் "வெத்தேயில் ஓவியரின் தோட்டம்" இவரது புகழ்பெற்ற ஓவியங்களுள் ஒன்று. இதில் காணப்படும் நீலமும் வெள்ளையும் கலந்த பூந்தொட்டிகள், ஆர்ஜான்தேய் வீட்டைக் காட்டும் முந்தைய ஓவியத்திலும் உள்ளன.

ஜிவெர்னியில் குடியேற்றம்

1883 ஏப்ரல் இறுதியில் மோனே ஜிவெர்னிக்கு வந்தார். பாரிசிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், எப்து ஆறு சேன் ஆற்றுடன் கலக்கும் இடத்துக்கு அருகில் இவ்வூர் உள்ளது. இவர் வந்து சேர்ந்த மறுநாளே எதுவார் மனே காலமான செய்தி கிடைத்தது. இவர் உடனே பாரிசுக்குச் சென்று இறுதி ஊர்வலத்தில் பங்குகொண்டார்.

வாடகைக்கு எடுக்கப்பட்ட வீடு நீண்ட அமைப்பை உடையது. அதனையொட்டி ஏறத்தாழ ஒரு எக்டேர் நிலம் இருந்தது. மோனே, அலிசு, இருவரின் எட்டுப் பிள்ளைகள் என மொத்தம் பத்துப் பேர் அங்கு குடியேறினர். வீட்டின் மேற்குப் புறத்திலிருந்த களஞ்சியம் முதல் ஓவியக்கூடமாக மாற்றப்பட்டது. தொடக்கத்தில் தோட்டக்காரர்களை அமர்த்த வசதி இல்லை. மோனே மண்ணைக் கொத்தி நட்டார். பிள்ளைகள் மாலை வேளைகளில் தண்ணீர் ஊற்றினர்.

குடியேறிய முதல் ஆண்டிலேயே தோட்ட வேலையை இவர் அவசரமாகச் செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. வெளியே சென்று தீட்ட இயலாத மழை நாட்களில், கூடத்துக்குள் வைத்து வரைவதற்கு மலர்கள் வேண்டியிருந்தன. அக்காலத்தில் துராண்-ருயேலின் பாரிசு இல்லக் கதவுகளுக்காக மலர்களையும் பழங்களையும் தீட்டித் தரும் பணியையும் இவர் ஏற்றிருந்தார். ஆகவே தோட்டம் இவருக்குப் பொழுதுபோக்காக மட்டும் அமையவில்லை. தொடக்கத்திலிருந்தே அது ஓவியத் தொழிலின் ஒரு பகுதியாகவும் இருந்தது.

ஓவியங்கள் நல்ல விலைக்குப் போகத் தொடங்கியபின், 1890 நவம்பரில் மோனே அவ்வீட்டையும் நிலத்தையும் 22,000 பிராங்குக்கு வாங்கினார். எர்னெசுட் ஓசெதே 1891 இல் இறந்தார். 1892 சூலையில் மோனேயும் அலிசும் திருமணம் செய்துகொண்டனர்.

மலர்த்தோட்டமும் அன்றாட ஒழுங்கும்

வீட்டுக்கு முன்னிருந்த தோட்டத்தில் மோனே நேர்கோட்டுப் பாத்திகளை அமைத்தார். ஆனால் அவற்றுக்குள் செடிகளை நெருக்கமாகவும் தாராளமாகவும் வளரவிட்டார். நடுப்பாதையின் மேல் வளைவுகள் அமைத்து ரோசாக்களைப் படரவிட்டார். பாதையின் இருபுறமிருந்தும் நாசுடர்சியக் கொடிகள் தரையில் பரவி வந்தன. ஐரிசு, பாப்பி, டாலியா, டியூலிப் முதலியவை பருவத்துக்கேற்ப மாறி மாறி மலரும்படி நடப்பட்டன. ஒரே நிறப் பூக்களைத் திரளாக நட்டு, ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் எந்நிறம் வரவேண்டும் என்பதையும் இவரே முடிவு செய்தார். வண்ணத்தட்டில் செய்ததையே மண்ணிலும் செய்தார் எனலாம். குடும்பத்துக்கான காய்கறிகள் ஊரின் வேறொரு பகுதியிலிருந்த தனித் தோட்டத்தில் பயிரிடப்பட்டன.

இவரது நாள் கதிரவன் தோன்றும் வேளையில் தொடங்கியது. வானத்தைப் பார்த்து அன்றைய வேலையை முடிவு செய்வார். காலை ஒளியில் வெளியே தீட்டிவிட்டு, பகல் உணவுக்கு 11:30 மணிக்குத் தவறாமல் வந்துவிடுவார். பிற்பகல் ஒளி வாய்ப்பாக இருப்பின் மீண்டும் கித்தானுக்கு முன் நிற்பார். இரவில் விரைவில் உறங்கச் செல்வார். பயணம் சென்றிருக்கும் நாட்களில் தோட்டத்தின் நிலையைக் கேட்டு வீட்டுக்குக் கடிதங்கள் எழுதினார். எவற்றை எப்போது விதைப்பது, எவற்றைக் கண்ணாடிக் கூரையின் கீழ் வைப்பது என்பன போன்ற விரிவான குறிப்புகளைத் தோட்டக்காரருக்கு எழுதித் தந்தார்.

இவ்வொழுங்கு எப்போதும் அமைதியாக நடந்ததாகக் கருத முடியாது. வானிலை மாறித் தொடங்கிய ஓவியத்தைத் தொடர முடியாமற் போனால் மோனே பெரிதும் மனம் சோர்ந்தார். சில நேரங்களில் சினத்தில் தமது ஓவியங்களைத் தாமே கிழித்து அழித்தார். அத்தகைய நாட்களில் வீட்டிலுள்ளோர் அனைவரும் அதன் சுமையைத் தாங்கவேண்டியிருந்தது.

ஓவியரும் மலர் வளர்ப்பில் ஈடுபாடு மிக்கவருமான குசுத்தாவ் கையிபோத்து, எழுத்தாளர் ஒக்தாவ் மிர்போ ஆகியோர் தோட்டக்கலையில் இவருக்கு உற்ற நண்பர்களாக விளங்கினர்.

தொடர் ஓவியங்கள்

ஒரே பொருளை வெவ்வேறு வேளைகளின் ஒளியில் பலமுறை தீட்டும் முறையை மோனே 1890களில் வளர்த்தெடுத்தார். வைக்கோற்போர் ஓவியங்களை வீட்டுக்கு அருகிலுள்ள வயல்களிலேயே வரைந்தார். ஒளி மாறும்போதெல்லாம் ஒரு கித்தானை வைத்துவிட்டு மற்றொன்றை எடுப்பது இவரது வழக்கம். அலிசின் மகளும் ஓவியருமான பிளாஞ்சு, கித்தான்களைச் சுமந்து உடன்சென்று உதவினார். இத்தொடரின் 15 ஓவியங்கள் 1891 மே மாதத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

அதே ஆண்டில் எப்து ஆற்றங்கரையில் நின்ற பாப்லார் மரங்களை இவர் தீட்டிக்கொண்டிருந்தபோது, அம்மரங்கள் ஏலத்துக்கு வந்தன. மோனே மரவணிகர் ஒருவருடன் உடன்பாடு செய்து, தாமும் பணம் கொடுத்து, ஓவியங்கள் முடியும் வரை மரங்களை வெட்டாமல் நிறுத்திவைத்தார். அடுத்து ரூவான் பேராலயத்தின் முகப்பை 30க்கும் மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார்.

பிறருக்கு உரிய மரங்களும் வயல்களும் எந்நேரமும் மறைந்துபோகக் கூடியவை. தமக்கே உரிய நிலத்தில் தாமே உருவாக்கிய காட்சியை எந்த நாளிலும் எந்த நேரத்திலும் தீட்டலாம். இவ்வாய்ப்பை நீர்த்தோட்டம் இவருக்கு அளித்தது.

நீர்த்தோட்டம்

1893 இல் மோனே தமது தோட்டத்துக்கு எதிரே, சாலைக்கும் தொடர்வண்டிப் பாதைக்கும் அப்பாலிருந்த ஈரநிலத்தை வாங்கினார். எப்து ஆற்றின் கிளையோடை ஒன்று அதனருகே ஓடியது. அதிலிருந்து நீரைத் திருப்பிக் குளம் அமைக்க அரசு அதிகாரிகளிடம் அனுமதி கேட்டார். ஊரார் இதனை எதிர்த்தனர். அந்த ஓடையையே அவர்கள் துணி துவைக்கவும் கால்நடைகளுக்கும் பயன்படுத்தினர். அறியாத வெளிநாட்டுச் செடிகளால் நீர் கெட்டுவிடும் என்று அஞ்சினர். மோனே மீண்டும் முறையிட்டு அவ்வாண்டிலேயே அனுமதி பெற்றார்.

குளத்தின் குறுக்கே சப்பானிய முறையில் வளைந்த மரப்பாலம் ஒன்று கட்டப்பட்டது. சப்பானில் இத்தகைய பாலங்கள் பெரும்பாலும் சிவப்பு வண்ணம் பூசப்பட்டவை. மோனே இதற்குப் பச்சை வண்ணம் பூசினார். இவர் 200க்கும் மேற்பட்ட சப்பானிய மரச்செதுக்கு அச்சோவியங்களைச் சேகரித்து வீட்டுச் சுவர்களில் மாட்டியிருந்தார். அவற்றின் தாக்கத்தை இப்பாலத்தில் காணலாம். கரையில் மூங்கில், வில்லோ, ஐரிசு ஆகியவற்றை நட்டார். பாலத்தின் மேல் விசுடீரியாக் கொடியைப் படரவிட்டார்.

குளிர் நாடுகளில் வளரும் இயற்கை அல்லி வெண்ணிறப் பூக்களையே உடையது. தென்மேற்கு பிரான்சைச் சேர்ந்த லத்தூர்-மர்லியாக் என்பவர் வெப்ப நாட்டு அல்லிகளுடன் கலப்பு செய்து, குளிரைத் தாங்கும் இளஞ்சிவப்பு, மஞ்சள், செந்நிற அல்லிகளை உருவாக்கினார். இவை 1889 ஆம் ஆண்டின் பாரிசு உலகக் கண்காட்சியில் காட்டப்பட்டன. மோனே அவரிடமிருந்தே அல்லிகளை வரவழைத்தார்.

1901 இல் மேலும் நிலம் வாங்கிக் குளத்தைப் பெரிதாக்கினார். வளம் மிகுந்த காலத்தில் ஆறு தோட்டக்காரர்கள் இங்கு பணிபுரிந்தனர். அவர்களுள் ஒருவர் குளத்துக்கென்றே அமர்த்தப்பட்டிருந்தார். அவர் படகில் சென்று வாடிய இலைகளையும் பூக்களையும் நீக்குவார். இலைகளில் படிந்த தூசியைக் கழுவுவார். நீர்ப்பரப்பில் வானம் தெரியும்படி அல்லிக் கூட்டங்களுக்கு இடையே வெற்றிடம் விடுவார். ஓவியத்துக்குத் தேவையான காட்சியைத் தோட்டக்காரர் காலையிலேயே ஆயத்தம் செய்துவைத்தார்.

கூடமும் திறந்தவெளியும்

மோனே ஓவியங்களை முற்றிலும் திறந்தவெளியிலேயே முடித்தார் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது முழுமையாகச் சரியன்று. இலண்டனில் 1899 முதல் 1901 வரை தொடங்கிய ஏராளமான ஓவியங்களை ஜிவெர்னிக்குக் கொண்டுவந்து, பல ஆண்டுகள் கூடத்தில் வைத்துத் திருத்தி, அவற்றுள் 37ஐ மட்டும் 1904 இல் காட்சிப்படுத்தினார். 1908 இல் வெனிசில் தொடங்கியவற்றையும் இவ்வாறே முடித்தார். வேலை பெருகியதால் 1890களின் இறுதியில் தோட்டத்தில் இரண்டாவது ஓவியக்கூடம் ஒன்றைக் கட்டினார்.

அல்லிக்குள ஓவியங்களின் கண்காட்சியை மனநிறைவு இன்மையால் இவர் ஒத்திவைத்தார். 1908 இல் அவற்றுள் பலவற்றை அழித்தும் விட்டார். இறுதியில் 1909 இல் 48 ஓவியங்கள் பாரிசில் காட்டப்பட்டன. இவற்றில் கரையோ அடிவானமோ பெரும்பாலும் இல்லை. நீரும் அதில் மிதக்கும் மலர்களும் எதிரொளிக்கும் மேகங்களுமே உள்ளன.

இழப்புகளும் கண்புரையும்

1910 சனவரியில் சேன் ஆற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் நீர்த்தோட்டத்தை மூழ்கடித்தது. 1911 மே மாதத்தில் அலிசு இறந்தார். மோனே நெடுநாள் தூரிகையைத் தொடவில்லை. 1912 இல் இவருக்குக் கண்புரை இருப்பது கண்டறியப்பட்டது. 1914 பெப்ரவரியில் மூத்த மகன் சான் இறந்தார். சானின் மனைவியாகியிருந்த பிளாஞ்சு, அதன்பின் ஜிவெர்னியிலேயே தங்கி மோனேயைக் கவனித்துக்கொண்டார்.

இந்நிலையில் அரசியல் தலைவரும் நெடுநாள் நண்பருமான சார்ச் கிளெமன்சோ, மீண்டும் பெரிய அளவில் ஓவியம் தீட்டுமாறு மோனேயை ஊக்குவித்தார். அல்லிக்குளத்தைப் பார்ப்பவரைச் சூழ்ந்து நிற்கும் சுவரளவு ஓவியங்களாக வரைவது என்பது மோனேயின் பழைய எண்ணம். தமது 73 ஆவது வயதில் அதனைத் தொடங்கினார்.

போர்க்காலமும் மூன்றாம் கூடமும்

முதல் உலகப்போர் தொடங்கியபோது ஊரிலிருந்து பலர் வெளியேறினர். மோனே வெளியேற மறுத்தார். இளைய மகன் மிசேல் போர்முனைக்குச் சென்றார். தோட்டத்தில் வேலை செய்ய ஆட்கள் குறைந்தனர். இரண்டு மீட்டர் உயரமுள்ள கித்தான்களை வைக்கப் பழைய கூடங்கள் போதவில்லை. ஆகவே 1915–1916 இல், கூரையில் கண்ணாடி பொருத்திய, 23 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட மூன்றாவது கூடம் கட்டப்பட்டது. தாம் அழகுபடுத்திய தோட்டத்தின் அருகே இவ்வளவு அழகற்ற கட்டடத்தை எழுப்ப நேர்ந்ததற்காக இவர் வருந்தினார்.

கோடையில் குளக்கரையில் பெரிய கித்தான்களில் நேரில் பார்த்துத் தீட்டுவார். பின்னர் சக்கரம் பொருத்திய தாங்கிகளில் நிற்கும் சுவரோவியங்களை அவற்றின் துணைகொண்டு கூடத்தில் வளர்ப்பார். தோட்டத்தில் பார்த்தது கூடத்துக்கு வந்தது. கூடத்தில் ஐயம் எழுந்தபோது குளம் சில அடிகள் தொலைவில் இருந்தது.

போர் நிறுத்தம் கையெழுத்தான மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, இரண்டு ஓவியங்களை நாட்டுக்கு அன்பளிப்பாகத் தர விரும்புவதாக மோனே கிளெமன்சோவுக்கு எழுதினார். இவ்வன்பளிப்பு படிப்படியாகப் பெருகியது. 1922 ஏப்ரல் 12 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஓவியங்களை வைக்கப் பாரிசின் துயிலரீ பூங்காவிலுள்ள ஒராஞ்சரீ கட்டடம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இதற்கிடையே கண்பார்வை மிகவும் மங்கியது. நிறங்களை வேறுபடுத்தி அறிவது கடினமாயிற்று. இக்காலத்தில் வரைந்த சப்பானியப் பாலத்தின் ஓவியங்கள் சில, செம்மையும் பழுப்பும் மண்டி உருவம் தெரியாத அளவில் உள்ளன. நீண்ட தயக்கத்துக்குப் பின் 1923 இல் வலது கண்ணில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். அதன்பின் நிறங்கள் நீலமாகவோ மஞ்சளாகவோ தோன்றி இவரை வருத்தின. நிறமேற்றிய கண்ணாடிகளின் உதவியால் நாளடைவில் ஓரளவு தெளிவு பெற்று மீண்டும் வேலையைத் தொடர்ந்தார். ஓவியங்களைக் கையளிக்குமாறு கிளெமன்சோ வற்புறுத்திய போதிலும், திருத்தம் முடியவில்லை எனக் கூறி இறுதிவரை அவற்றைத் தம்மிடமே வைத்திருந்தார்.

மறைவு

நுரையீரல் புற்றுநோயால் மோனே 1926 டிசம்பர் 5 அன்று ஜிவெர்னியில் காலமானார். இறுதிச் சடங்கு எளிமையாக நடைபெற்றது. பெட்டியின் மீது கருப்புத் துணி போர்த்தப்பட்டிருப்பதைக் கண்ட கிளெமன்சோ, மோனேக்குக் கருப்பு பொருந்தாது எனக் கருதி, அதனை அகற்றிப் பூப்போட்ட துணியொன்றைப் போர்த்தச் செய்தார் எனக் கூறப்படுகிறது. ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மறைவுக்குப் பின்

ஒராஞ்சரீயின் அல்லிக்குள ஓவியங்கள் 1927 மே 17 அன்று திறந்துவைக்கப்பட்டன. இரண்டு நீள்வட்ட அறைகளில் எட்டு ஓவியங்களாக இவை அமைந்துள்ளன. மொத்த நீளம் 90 மீட்டருக்கும் கூடுதல். தொடக்கத்தில் இவற்றைக் காண வந்தோர் சிலரே. 1950களில் அமெரிக்காவின் அரூப ஓவியர்கள் புகழ்பெற்ற பின்னரே இவற்றின் சிறப்பு பரவலாக உணரப்பட்டது. 1960களில் மேலே கட்டப்பட்ட தளம் பகலொளியை மறைத்திருந்தது. 2006 இல் முடிந்த புதுப்பித்தலின்போது அது அகற்றப்பட்டு, மோனே விரும்பியவாறு இயற்கை ஒளி மீண்டும் உள்ளே விடப்பட்டது.

ஜிவெர்னித் தோட்டத்தை 1947 இல் இறக்கும்வரை பிளாஞ்சு பேணினார். அதன்பின் அது கவனிப்பாரற்றுப் போனது. குளக்கரை சரிந்தது, பாலம் உளுத்தது. 1966 இல் சாலை விபத்தில் இறந்த மிசேல், வீட்டையும் தோட்டத்தையும் பிரெஞ்சு நுண்கலைக் கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். அவரிடமிருந்த ஓவியங்கள் பாரிசின் மர்மோத்தான் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. 1977 இல் செரால்டு வான் தெர் கெம்ப் பொறுப்பில் சீரமைப்பு தொடங்கியது. குளம் மீண்டும் தோண்டப்பட்டுப் பாலம் புதிதாகக் கட்டப்பட்டது. 1980 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இத்தோட்டத்தை ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் பார்வையிடுகின்றனர்.

மதிப்பீடு

தோட்டத்துக்காகச் செலவிட்ட காலம் மோனேயின் ஓவிய வேலையைக் குறைக்கவில்லை. அதன் போக்கை மாற்றியது. இளமையில் ஒளியைத் தேடிப் பல ஊர்களுக்கு அலைந்தவர், முதுமையில் அதே ஒளி வந்து விழும் குளத்தைத் தமது வாசலிலேயே அமைத்துக்கொண்டார். எனினும் இதற்குப் பணமும் பணியாளர்களும் குடும்பத்தாரின் பொறுமையும், குறிப்பாக அலிசு, பிளாஞ்சு ஆகியோரின் உழைப்பும் தேவைப்பட்டன என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும். இவருடைய படைப்புகளுள் கித்தானில் தீட்டியவை மாறாமல் உள்ளன. மண்ணில் அமைத்ததோ ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நடப்பட்டே நிலைத்து வருகிறது.